கங்காரு முறை: குறைமாதக் குழந்தையின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது கிராமங்களில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வார்டில் தாய்மார்கள் கேட்டதையே வெளியே மாமியார்கள் கேட்டார்கள், அப்புறம் அப்பாக்கள் கேட்டார்கள், இப்போது பயிற்சிக்கு வரும் பெண்களும் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கங்காரு கங்காருன்னு சொல்றாங்களே சிஸ்டர், அப்படின்னா என்ன?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையையோ எடை இரண்டரை கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தையையோ அம்மாவின் வெறும் மார்பில் நெட்டுக்குத்தாகச் சாய்த்து, துணியால் கட்டிவிடுவது. குழந்தைக்கு ஒரு தொப்பி, காலுறை, இடுப்பில் டயப்பர், அவ்வளவுதான் உடுப்பு. தோலோடு தோல் பட வேண்டும். நடுவில் ரவிக்கையோ துண்டோ இருந்தால் அது சும்மா தூக்கி வைத்திருப்பதுதான்.

கட்டுவதோடு முடிந்துவிடாது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், வீட்டுக்குப் போன பிறகும் எடையைத் தொடர்ந்து பார்ப்பதும் இதில் சேர்ந்தவை. கங்காருக் குட்டி கட்டைவிரல் அளவுகூட இல்லாமல் பிறந்து அம்மாவின் பையில்தான் மீதி வளர்ச்சியை முடிக்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது.

பெட்டி இல்லாததாலதானே எங்க புள்ளைய நெஞ்சுல கட்டிக்கச் சொல்றீங்க?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருக்கும். "தனியார் ஆஸ்பத்திரின்னா கண்ணாடிப் பெட்டியில வெச்சிருப்பாங்க" என்று ஒரு பாட்டி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த முறை பிறந்ததே பெட்டி பற்றாமல்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் ஒரு பெரிய மருத்துவமனையில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு வந்த தொற்று பக்கத்தில் கிடந்ததற்கும் வந்தது. வாரக்கணக்கில் பிள்ளையைத் தொடவே முடியாத தாய்மார்களில் சிலர் விட்டுவிட்டே போனார்கள். அங்கே இருந்த எட்கர் ரேய் என்ற குழந்தை மருத்துவர், சூடு கொடுக்க அம்மாவே போதும் என்று இதைத் தொடங்கினார். அடுத்த வருடம் எக்டர் மார்ட்டினஸ் அவரோடு சேர்ந்துகொண்டார்.

மீதிப் பாதி உண்மை தெரிய நாற்பது வருடம் ஆனது. 2017 முதல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து பெரிய மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவை வழக்கம்போல வார்மரிலும் (மேலிருந்து சூடு தரும் திறந்த மேடை) இன்குபேட்டரிலும் வைத்து, உடம்பு தேறிய பிறகு நெஞ்சில் வைத்தார்கள். இன்னொரு பிரிவை முதலிலேயே நெஞ்சில் வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவை முதல் பிரிவில் நூற்றுக்கு 15.7, இரண்டாவதில் 12. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், இனியும் பாதிப் பேரைத் தள்ளிவைப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். கவனியுங்கள், அந்த இடங்களில் பெட்டி இருந்தது. பெட்டியை விட நெஞ்சு நன்றாக வேலை செய்தது. அதனால்தான் 2022இல் உலக சுகாதார நிறுவனம், 'உடம்பு தேறட்டும், பிறகு கங்காரு' என்ற பழைய வரிசையை மாற்றி, 'பிறந்ததும் கூடிய சீக்கிரம்' என்று எழுதியது. அந்தப் பாட்டிக்கு நான் இதைச் சொல்லும்போது இவ்வளவு கணக்கெல்லாம் கையில் இல்லை. இன்று இருந்தால் உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன்.

இந்த வெயில்ல குழந்தைக்கு எங்க குளிரப்போகுது?

நமக்கு வியர்க்கும் அறையில் பச்சைக்குழந்தைக்குக் குளிரும். 37 டிகிரி சூட்டில் இருந்த உடம்பு ஈரத்தோடு வெளியே வருகிறது. மேலே மின்விசிறி ஓடுகிறது. ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பின் எடைக்கு அதன் தோல் பரப்பு மிக அதிகம். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. நிறைமாதக் குழந்தைக்குத் தோளிலும் முதுகிலும் சூடு தரும் ஒருவகைக் கொழுப்பு இருக்கும். குறைமாதத்தில் அது சேர்வதற்குள் பிறந்துவிடுகிறது.

குளிர்ந்த குழந்தை தன் சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் சூட்டுக்கே செலவழிக்கிறது. அப்புறம் பால் குடிக்கத் தெம்பு இருக்காது, சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். குளிர் என்று யாரும் இறப்புச் சான்றிதழில் எழுதுவதில்லை. ஆனால் பல இறப்புகளுக்குப் பின்னால் அது நின்றிருக்கும்.

தெர்மாமீட்டரில் 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கையால் முதலில் பாதத்தையும் அப்புறம் வயிற்றையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் சில்லென்று, வயிறு சூடாக இருந்தால் குழந்தை குளிரோடு போராட ஆரம்பித்திருக்கிறது, உடனே நெஞ்சில் வையுங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் நெஞ்சில் வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இறுக்கிக் கட்டினா மூச்சு முட்டாதா?

சரியாகக் கட்டினால் முட்டாது. குழந்தையை இரண்டு மார்புக்கும் நடுவில், உங்கள் முகத்தைப் பார்க்கும் உயரத்தில் வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், முகவாய் நெஞ்சில் குத்தக்கூடாது. கழுத்து மடங்கினால்தான் மூச்சுக்குழாய் மடங்கும், பயப்பட வேண்டிய ஒரே விஷயம் அதுதான். கை கால்கள் தவளை மாதிரி மடங்கியிருக்கட்டும். துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குக் கீழே வரவேண்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் கட்டுங்கள், வயிறு ஏறி இறங்கித்தான் அது மூச்சு விடுகிறது.

இதற்கென்று தைத்த துணி வேண்டும் என்பதில்லை. பழைய பருத்திச் சேலையை மடித்துக் கட்டலாம். முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதி. படுக்கும்போது மல்லாந்து தட்டையாகப் படுக்காமல், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருங்கள். நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பது நல்லது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? நான் சாப்பிட, பாத்ரூம் போக வேணாமா?

8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடக்கூட நல்லது. மேலே சொன்ன மாதிரி கட்டிவிட்டால் நடக்கலாம், சாப்பிடலாம், செல்போனில் பேசலாம். பாத்ரூம் போகும்போது இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து வைப்பது குழந்தைக்கு அலைச்சல்தான்.

ஆபரேஷன் ஆன தாய்மார்களும் செய்யலாம். தையல் கீழே இருக்கிறது, குழந்தை மேலே இருக்கும். வலி தாங்க முடியவில்லை என்றால் மாத்திரை கேளுங்கள். பல பெண்கள் வலியைச் சொல்லாமல், 'எனக்குக் கங்காரு ஒத்துக்கல' என்று மட்டும் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் வெச்சுக்கலாமா? மாமியார் சிரிக்கிறாங்க.

தாராளமாக. அப்பா, பாட்டி, சித்தி, யார் வேண்டுமானாலும். குளித்திருக்க வேண்டும், இருமல் சளி, தோலில் புண் சிரங்கு இருக்கக் கூடாது, பீடி சிகரெட் பிடிப்பவராக இருக்கக் கூடாது. நெஞ்சில் முடி இருந்தால் பரவாயில்லை, இதையும் கேட்டிருக்கிறார்கள்.

சிரித்த மாமியாரிடமே அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து இதை விட நல்ல பதில் கிடையாது. அப்பாக்கள் விஷயத்தில் தடை பெரும்பாலும் வீட்டில் இல்லை, வார்டு வாசலில் இருக்கிறது. பெண்கள் பால் கொடுக்கும் அறைக்குள் ஆண்களை விட முடியாது என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஒரு திரை கட்டினால் தீர்கிற விஷயம் என்பதும் நியாயம்தான்.

வாய் வெச்சு உறிஞ்சவே தெரியல. பால் பவுடர் கலந்து கொடுக்கவா?

வேண்டாம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ சின்ன ட்யூப் போட்டு, அதில் உங்கள் பாலையே பீய்ச்சி ஊற்றுவார்கள். கொஞ்சம் தேறியதும் பாலாடை. நம் பாட்டிகள் வைத்திருந்த அதே மூக்குள்ள சின்னப் பாத்திரம்தான். இந்தியா முழுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலேயே 'பாலாடை' என்றுதான் எழுதுகிறார்கள். பாட்டில் வேண்டாம். கழுவுவது கஷ்டம், தொற்று சுலபம்.

முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டாதீர்கள். சில சொட்டுதான் வரும், அந்தச் சில சொட்டில்தான் நோய் எதிர்ப்பு இருக்கிறது. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் எதையும் நாக்கில் தடவ வேண்டாம். குடும்பத்தில் மதிப்பான ஒருவர் முதல் சொட்டு கொடுக்க வேண்டும் என்றால், பீய்ச்சிய சீம்பாலையே அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். இப்படிச் செய்து பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறேன்.

பால் ஊறவில்லை என்பவர்கள் ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும், ராத்திரியும் சேர்த்து. குழந்தை நெஞ்சில் இருந்தால் பால் நன்றாக ஊறும். அப்படியும் பற்றவில்லை என்றால், பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எப்ப தலைக்கு ஊத்தலாம்?

நிறைமாதக் குழந்தைக்கே ஒரு நாள் முழுக்கக் கழியட்டும். எடை குறைந்த குழந்தைக்கு இரண்டு கிலோ தாண்டும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு அழுக்கு அல்ல, தேய்த்து எடுக்காதீர்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, இந்த மூன்றும் குறைமாத நுரையீரலுக்கு ஆகாது. தொப்புளில் எதுவும் வைக்க வேண்டாம், காய்ந்து தானே விழும். சாணி மாதிரி ஏதாவது தடவும் பழக்கத்தை விட முடியாத இடங்களுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தைச் சொல்கிறார்கள். நேபாளம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

தினமும் எடை குறையுது. பாலே ஒட்டலியோ?

முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் குறையும். நிறைமாதத்துக்குப் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை, குறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் போகலாம். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு கிலோ எடைக்கும் தினம் 15 கிராமாவது ஏறவேண்டும். ஒன்றரை கிலோ குழந்தை என்றால் 20, 25 கிராம். ஒரே தராசில், ஒரே நேரத்தில், உடுப்பில்லாமல் பாருங்கள். இரண்டு தராசுக்கு நடுவே ஐம்பது கிராம் வித்தியாசம் சாதாரணம், அதை வைத்து அழுத தாய்மார்கள் உண்டு.

எத்தனை நாளைக்குக் கட்டணும்?

இரண்டரை கிலோ ஆகும்வரை என்பது கணக்கு. உண்மையில் குழந்தையே சொல்லிவிடும். நெளியும், காலை உதைக்கும், துணியிலிருந்து கையை வெளியே இழுக்கும். அப்போது விட்டுவிடலாம்.

எங்களுக்கு ரெட்டை. ஒரே நேரத்துல ரெண்டையும் வெக்க முடியுமா?

முடியும், பக்கத்துக்கு ஒன்றாக. அல்லது ஒன்று உங்களிடம், ஒன்று அப்பாவிடம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூணு கிலோ, நிறைமாதம். எனக்கும் இது தேவையா?

பிறந்தவுடன் ஒரு மணி நேரம் நெஞ்சில் வைத்து, அந்த நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்கத் தொடங்குவது எல்லாக் குழந்தைக்கும் தேவை. நாள் முழுக்கக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வலி முன்னாடியே வந்துருச்சுன்னு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?

அந்த ஊசி பிள்ளைக்காகத்தான். குறைமாத நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு இருக்காது. அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு குழந்தைக்குப் போய் அதைச் சீக்கிரம் சுரக்கவைக்கிறது. நியூசிலாந்தின் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஆடுகளில் வேறு எதையோ தேடும்போது இதைக் கவனித்தார். ஹௌவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1972இல் பெண்களிடம் செய்த சோதனையை வெளியிட்டார்.

ஏழை நாடுகளில் இது உதவுமா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, உதவும் என்று காட்டியது. நிபந்தனை உண்டு. கர்ப்பம் எத்தனை வாரம் என்று சரியாகத் தெரிய வேண்டும், பிறக்கும் குழந்தையைப் பார்க்க வசதி உள்ள இடமாக இருக்க வேண்டும். வாரம் தெரிய ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். 'தள்ளிப்போன தேதி ஞாபகமில்ல' என்பதுதான் அவசரத்தில் எங்களை மாட்டிவிடும் வார்த்தை.

மூக்குல மெஷின் மாட்டியிருக்கு. அதோட எப்படி நெஞ்சுல வெக்கிறது?

அது பெரும்பாலும் சிபேப் என்ற கருவியாக இருக்கும். குழந்தை தானாக மூச்சு விடுகிறது. மூச்சை வெளியே விடும்போது நுரையீரல் மூடிக்கொள்ளாமல் காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. எளிய வகையில் குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருக்கிறதோ அத்தனை அழுத்தம். தண்ணீரில் குமிழி வந்தால் வேலை செய்கிறது, வராவிட்டால் எங்கோ கசிகிறது. அம்மாக்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மலாவியின் பிளான்டயர் நகர மருத்துவமனையில் இப்படி ஒரு மலிவான கருவியை வைத்துப் பார்த்தார்கள். வெறும் ஆக்ஸிஜன் கொடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 44 பிழைத்தன, கருவி மாட்டியவற்றில் 71.

சிபேபோடு நெஞ்சில் வைக்கலாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன ஆய்விலும் வைத்தார்கள். எடுத்து வைக்கும்போது ஒருவர் குழந்தையை, ஒருவர் குழாயைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தானாக மூச்சு விட முடியாத குழந்தை, வென்டிலேட்டரில் இருப்பது, ரத்த ஓட்டம் குலைந்துபோனது, இவற்றுக்குத்தான் முதலில் தீவிர சிகிச்சை. அப்போதும் அம்மா கையை உள்ளே விட்டுத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆக்ஸிஜன் வெச்ச குழந்தைக்கு எதுக்குக் கண் டாக்டர்? கண்ணு நல்லாத்தானே முழிக்குது.

விழிப்பதை வைத்துச் சொல்ல முடியாது. விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓடி முடிப்பதற்குள் பிறந்துவிட்டதால், அவை வெளியே வந்த பிறகு தாறுமாறாக வளரலாம். கணக்கில்லாமல் ஆக்ஸிஜன் கொடுத்தால் இன்னும் மோசமாகும். அதனால்தான் ஆக்ஸிஜன் வாங்கும் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 100 காட்டினால் நாங்கள் சந்தோஷப்படாமல் குறைக்கிறோம், 90க்கும் 95க்கும் நடுவில் நின்றால் போதும்.

இரண்டு கிலோவுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. நோய் இருந்தால் லேசர் போடுவார்கள், அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்கள்தான். 'ஊர்த் திருவிழா முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு ஒரு குழந்தைக்குப் பார்வை போனதை நான் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்தினால், தட்டி எழுப்பினால்தான் அசைந்தால், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்ளே போனால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள், நெஞ்சில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். அரசு மருத்துவமனையில் பச்சைக்குழந்தைக்குச் சிகிச்சையும் வண்டியும் இலவசம்.

வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி மகாராஷ்டிராவின் கட்சிரோலி. தொண்ணூறுகளில், அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி, 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சு எண்ணுவது, சூடாக வைப்பது, பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று ஊட்டுவது, தொற்று என்றால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதுவரை அந்தப் பெண்களே செய்தார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் வருடம் 25 அளவுக்கு இறங்கியது. மருத்துவர்கள் பலர் முதலில் ஊசி விஷயத்தில் முகம் சுளித்தார்கள். இன்று நாடு முழுக்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் இருப்பதற்கு அந்தப் பெண்களும் காரணம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர் வருவார். வராவிட்டால் நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள், உரிமைதான்.

கங்காரு முறையையும் வீட்டிலேயே தொடங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஹரியானாவில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஆறு மாதத்துக்குள் ஏற்படும் இறப்பு கால்வாசி குறைந்தது. ஆய்வு 2019இல் வெளிவந்தது.

இவ்வளவு சுலபம்னா ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கல?

பயிற்சிக்கு வரும் இளம் செவிலியர்கள் கேட்கும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 2022இல் உலகம் முழுக்க 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாளுக்குள் இறந்தன. செலவே இல்லாத ஒரு வழி இருக்கும்போது ஏன்?

செலவில்லை என்பதே தப்பு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வார்மர்கள் வரிசையாக இருந்தன, ஒரு வார்மர் பக்கத்தில்கூட நாற்காலி கிடையாது. பிள்ளை உள்ளே, அம்மா வெளியே தாழ்வாரத்தில் பாயில். பால் பீய்ச்சிக் கொடுக்க மட்டும் கூப்பிடுவோம். யாரோ நன்கொடையாகக் கொடுத்த இன்குபேட்டர் ஒன்று, ஒரு சின்ன உதிரிப்பாகம் கிடைக்காமல் போர்வை போர்த்திக் கிடந்தது. அதை வைத்திருந்த இடத்தில் இரண்டு கட்டில் போட்டிருக்கலாம். கேட்டேன். கருவி கணக்கில் இருக்கிறது, நகர்த்த முடியாது என்றார்கள்.

ஒரு தாய் தினம் 17 மணி நேரம் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும் என்றால் அவளுக்குச் சாயக் கட்டில் வேண்டும், மூன்று வேளைச் சோறு வேண்டும், பக்கத்தில் கழிப்பறை வேண்டும், ஒரு திரை வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சோறு போட ஆள் வேண்டும். கூடவே இருக்கும் பாட்டியின் நூறு நாள் வேலைக் கூலி போகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் பணம் தவணை தவணையாக வரும், ஆனால் குறைமாதம் தவணை பார்த்துப் பிறப்பதில்லை. சப்தர்ஜங்கில் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே குழந்தைகளின் பக்கத்தில் தாய்மார்களுக்குக் கட்டில் போட்டார்கள். பிரசவப் பிரிவும் குழந்தைப் பிரிவும் ஒன்றாக உட்கார்ந்து, யாருடைய நோயாளியை யார் பார்ப்பது என்று பேசி முடிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து கட்டில் வாங்குவதை விட அதுதான் கஷ்டம்.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிபேப் வேண்டும், ஆன்டிபயாடிக் வேண்டும், இரவிலும் போதுமான நர்ஸ் வேண்டும். ஆனால் பட்ஜெட் எழுதும்போது கருவிக்கு ஒரு வரி இருக்கிறது, அம்மாவின் கட்டிலுக்கு வரியே இல்லை. மருத்துவமனை ஆய்வுக்கு யாராவது வந்தால் 'எத்தனை வார்மர்' என்று கேட்பார்கள். 'எத்தனை நாற்காலி' என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நெஞ்சுலயே வெச்சிருந்தேன். விடியக்காலம் போயிடுச்சு. நான் சரியா கட்டலியா சிஸ்டர்?

இல்லை. நீங்கள் கட்டியதில் தப்பில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன எண்ணைத் திரும்பப் பாருங்கள். எல்லா வசதியும் இருந்து, முதலிலிருந்தே நெஞ்சில் வைத்திருந்தும் நூற்றில் 12 குழந்தைகள் இறந்தன. மூளையில் ரத்தக்கசிவு, ரத்தத்தில் தொற்று, திறக்கவே திறக்காத நுரையீரல், இவற்றை எந்தத் துணியும் தடுக்காது. யாராவது வீட்டில் உங்கள் மேல் பழி போட்டால் அவர்களை எங்களிடம் அனுப்புங்கள்.

இரண்டு மூன்று நாளில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஈரத்துணி வைத்து, வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள். சிலர் பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவார்கள், சிலரால் முடியாது, இரண்டும் சரிதான். அடுத்த முறை கருவுற்றால் முதல் பதிவிலேயே இந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்து, நேரத்தில் ஊசி போட்டு, வசதியுள்ள இடத்திலேயே பிரசவம் பார்க்க அது வழி செய்யும்.

படிக்கும் செவிலியர்களுக்கு ஒன்று. அந்தத் தொப்பியை அம்மா கேட்பாள். கொடுத்துவிடுங்கள்.